மூச்சை இழுத்தால் நெஞ்சு வலிக்கிறதா? எல்லாமே 'வாயு' இல்லை!

மூச்சை ஆழமாக இழுக்கும்போதோ இருமும்போதோ நெஞ்சில் 'சுருக்'கென்று குத்துகிறதா? "வாயு பிடிச்சிருக்கும், சோடா குடிச்சா சரியாயிடும்" என்று பலரும் சொல்வார்கள். பல நேரம் இது சாதாரண வலிதான். ஆனால், உயிருக்கு ஆபத்தான சில நோய்களும் இப்படித்தான் தொடங்கும்.

மூச்சு விட்டால் ஏன் வலிக்கிறது?

நுரையீரலைச் சுற்றி இரண்டு அடுக்காக மெல்லிய உறை இருக்கிறது. அதில் அழற்சி வந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் அடுக்குகள் உரசி வலிக்கும். இதைத்தான் 'ப்ளூரிசி' என்கிறார்கள். வைரஸ் தொற்று, நிமோனியா, காசநோய் ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள்.

வேறு என்ன காரணங்கள்?

* தசைப்பிடிப்பு, விலா குருத்தெலும்பு அழற்சி: வெயிட் தூக்கினாலோ, விடாமல் இருமினாலோ வரலாம். வலிக்கிற இடத்தை அழுத்தினால் வலி கூடும். அதற்காக இதய பாதிப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

* நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு: பெரும்பாலும் கால் ரத்தக்குழாயில் (சிரையில்) உருவாகும் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். ஆபரேஷன், பிரசவம், நீண்ட நாள் படுக்கை, நீண்ட தூரப் பயணம் ஆகியவற்றுக்குப் பிறகு வாய்ப்பு அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உஷார்!

* நியூமோதோராக்ஸ்: நுரையீரலில் இருந்து காற்று கசிந்து, நுரையீரல் சுருங்கிவிடும். ஒல்லியான, உயரமான இளைஞர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் திடீரென வரலாம்.

* இதய உறை அழற்சி: படுத்தால் வலி கூடும், முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் குறையும்.

எப்போது 108-க்கு போன் செய்ய வேண்டும்?

* திடீர் மூச்சுத்திணறல், மயக்கம்
* இருமலில் ரத்தம்
* உதடு நீலமாக மாறுவது
* நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், வியர்வை, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி

இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். தனியாக பைக் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவும் வேண்டாம்.

காய்ச்சலோடு வலி இருந்தாலோ, சில நாட்களில் குறையாவிட்டாலோ டாக்டரைப் பாருங்கள். 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

வலி எப்போது தொடங்கியது, எப்படி இருந்தால் கூடுகிறது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். வாயுவா, வேறு பிரச்சினையா என்பதை இசிஜி, எக்ஸ்ரே பார்த்து அவர் முடிவு செய்யட்டும்.