பெரியோருடன் கூடிய பணியும் குழந்தையின் சமூக வளர்ச்சியும்

குழந்தை நடக்கத் தொடங்கும் பிராயம் முதல் பள்ளியில் சேரும் காலம் வரையில், தன்னை வளர்ப்போர் செய்யும் அன்றாட வேலைகளில் தானும் ஒரு கை சேர்த்துக்கொள்வதன் வாயிலாகப் பிறருடைய நோக்கத்தை உணர்தல், தன் முறை வரும்வரை பொறுத்திருத்தல், உதவி கேட்டல், உதவி அளித்தல், கெட்டுப்போனதைச் சீர்செய்தல் ஆகிய பண்புகளைச் சிறிது சிறிதாகப் பெறுகிறது. இவ்வகைப் பேற்றைக் குழந்தை உளவியலார் சமூக வளர்ச்சியின் இன்றியமையாத பகுதியாகக் கொள்கின்றனர். வளர்ப்போர் என்று இங்கே குறிக்கப்படுவோர் தாய் தந்தையர் மட்டுமல்லர். பாட்டன், பாட்டி, மூத்த உடன்பிறந்தோர், குழந்தைக் காப்பகங்களில் பணிபுரிவோர் ஆகிய அனைவருமே அதனுள் அடங்குவர். பணி என்பதும் பாடம் கற்பிப்பதற்கென்று பிரத்தியேகமாக வகுத்த பயிற்சியன்று. துணி மடித்தல், மேசை துடைத்தல், மாவு பிசைதல், சிதறிய பொருள்களைப் பொறுக்கி வைத்தல், படப்புத்தகம் பார்த்தல் போன்ற சாதாரண காரியங்களே ஆகும்.

கூடிச் செயல்படும் ஆற்றலின் அடிப்படை, குழந்தை பேசத் தொடங்குவதற்கு முன்பே அமைந்துவிடுகிறது. ஏறத்தாழ ஒன்பதாம் மாதத்திலிருந்து குழந்தை, தாய் நோக்கும் திசையில் தானும் நோக்கவும், தான் கண்டதை விரல் நீட்டிக் காட்டவும், கையில் உள்ளதைக் கொடுத்துத் திரும்ப வாங்கவும் பழகுகிறது. ஒரே பொருளின் மீது இருவர் கவனமும் ஒருங்கே பதிந்திருப்பதை இருவரும் அறிந்திருக்கும் இந்நிலையைக் கூட்டுக் கவனம் என்பர். தனக்குப் புரியாத சந்தர்ப்பத்தில் பெரியவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் வழக்கமும் இக்காலத்தில் தோன்றுகிறது. 1985இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், கண்ணாடிப் பரப்பின் அடியில் சிறு பள்ளம் போலத் தோன்றும்படி அமைத்த மேசையின் மீது ஓராண்டு நிரம்பிய குழந்தைகள் விடப்பட்டனர். எதிரே நின்ற தாய் மகிழ்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் பள்ளத்தைக் கடந்தனர். தாய் அச்சம் காட்டியபோது 17 பேரில் ஒருவரும் கடக்கவில்லை. இத்துணை நுட்பமாகப் பெரியோர் முகத்தைப் படிக்கும் குழந்தை, வேலையில் தன் கை படும்போது அவர்கள் முகம் சுளிப்பதையும் தவறாமல் படித்துக்கொள்ளும் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

உதவ வேண்டும் என்னும் விருப்பம் குழந்தைக்குப் பெரியோர் புகட்டித்தான் வர வேண்டுமா, அன்றித் தானாகவே எழுகிறதா என்னும் வினாவுக்கு விடை காண, அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஹாரியட் ரைன்கோல்டு என்னும் அம்மையார் செய்த பரிசோதனை மிகவும் போற்றத்தக்கது. அவர் தம் ஆய்வுக்கூடத்தை வீடு போலவே அமைத்து, துணி மடித்தல், தரை கூட்டுதல், மேசையில் உணவுக்கலங்கள் வைத்தல் போன்ற வேலைகளை முடிக்காமல் விட்டுவைத்து, 18, 24, 30 மாதக் குழந்தைகளின் பெற்றோரிடம் அவற்றைச் செய்து முடிக்கும்படி கூறினார். குழந்தையை உதவிக்கு அழைக்குமாறு எவரிடமும் சொல்லவில்லை. ஆயினும் குழந்தைகள் தாமாகவே, தாமதமின்றி, பெரும்பாலான வேலைகளில் வந்து கலந்துகொண்டனர். தாம் செய்வது இன்னதென்று வாயாலும் சொல்லிக்கொண்டனர். பெற்றோர் செய்ததைப் பார்த்துச் செய்ததோடு நில்லாமல் தாமே புதிய வழிகளையும் கண்டனர். 1982இல் வெளியான அவ்வாராய்ச்சியில், முடிவுகளைக் காட்டிலும் என் மனத்தைத் தைப்பது மற்றொரு செய்தியாகும். தம் வீடுகளில் குழந்தையின் இந்த உற்சாகத்தை இடையூறாகக் கருதி, குழந்தை உறங்கும் வேளை பார்த்து வீட்டு வேலைகளை முடித்துக்கொள்வதாகப் பெற்றோர் பலர் அவரிடம் கூறினர். சமூக குணத்தின் முளை வெளிப்படும் சந்தர்ப்பத்தையே நாம் வசதி கருதி விலக்கிவிடுகிறோம் என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை.

ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தில் ஃபெலிக்ஸ் வார்நெக்கன், மைக்கேல் தொமசெல்லோ ஆகிய இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இக்கருத்தையே வலியுறுத்துகிறது. துணி உலர்த்தும்போது கவ்வியைத் தவற விட்டுவிட்டு அதனை எட்ட முடியாமல் தவிப்பவர் போலவும், கை நிறையப் புத்தகங்களுடன் அலமாரிக் கதவைத் திறக்க முடியாதவர் போலவும் பெரியவர் ஒருவர் நடித்தபோது, 18 மாதக் குழந்தைகள் 24 பேரில் 22 பேர் ஒருமுறையேனும் உதவி செய்தனர். இருவரும் 2008இல் செய்த மற்றோர் ஆய்வு, குழந்தை வளர்ப்போர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டியது. 20 மாதக் குழந்தைகளில் சிலருக்கு உதவிய பொழுதெல்லாம் விளையாட்டுப் பொருள் பரிசாகத் தரப்பட்டது. சிலருக்கு வாய்மொழியாகப் பாராட்டு மட்டும் கிடைத்தது. சிலருக்கு ஒன்றும் தரப்படவில்லை. பின்னர் பரிசு நிறுத்தப்பட்டபோது, முன்பு பொருள் பெற்ற குழந்தைகளே மற்றவர்களைவிடக் குறைவாக உதவினர். குழந்தை தன் சுபாவத்தினால் செய்யும் உபகாரத்திற்கு விலை வைத்தால், அந்த விலை நின்ற மாத்திரத்தில் உபகாரமும் தளர்ந்துவிடுகிறது.

விருப்பம் இயல்பாக எழுவதாயினும், திறன் அவ்வாறு எழுவதில்லை. அதனை வளர்ப்பதில் பெரியோருக்குள்ள பங்கினைச் சித்தாந்தமாக வகுத்தவர்களுள் முதன்மையானவர், ருஷ்ய நாட்டு உளவியலார் லெவ் விகோட்ஸ்கி (1896–1934). குழந்தை தனித்துச் செய்ய வல்லதற்கும், தேர்ந்த ஒருவர் துணையோடு செய்ய வல்லதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டென்றும், வளர்ச்சிக்கு உதவும் கல்வி அவ்விடைவெளியிலேயே நிகழ்கிறதென்றும் அவர் கருதினார். 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர், 3 முதல் 5 வயதுள்ள 30 குழந்தைகள் 21 மரத்துண்டுகளைக் கோத்துக் கூம்பகம் ஒன்று அமைக்கும்போது ஆசிரியை எவ்வாறு துணை புரிகிறார் என்பதை ஆராய்ந்து, கட்டடம் எழும்வரை நின்று பின்னர் அகற்றப்படும் சாரத்திற்கு அத்துணையை ஒப்பிட்டனர். குழந்தையின் நாட்டத்தை வேலையில் ஈர்த்தல், வேலையைக் குழந்தைக்கேற்பச் சுருக்குதல், நோக்கம் திசைமாறாமல் காத்தல், முக்கியமான அம்சத்தைச் சுட்டுதல், சலிப்பும் கோபமும் மிகாமல் தணித்தல், செய்து காட்டுதல் என்று அத்துணையின் கூறுகளை அவர்கள் வகுத்துரைத்தனர். இவற்றுள் சலிப்பைத் தணித்தல் என்பது அறிவைப் பற்றியதன்று. தோல்வி நேர்ந்தபோது உடன் இருப்பவரின் முகத்தில் அமைதியைக் கண்டு தானும் அமைதி அடையக் கற்பது, சமூக வளர்ச்சியின் நேரடியான பாடமே ஆகும்.

துணை எப்பொழுது மிக வேண்டும், எப்பொழுது குறைய வேண்டும் என்பதே இதில் கடினமான பகுதி. மேற்சொன்ன வுட்டும் மிடில்டன் என்பவரும் 1975இல் தாய்மார்களையும் அவர்கள் குழந்தைகளையும் கவனித்துக் கண்ட நெறி, கேட்பதற்கு எளியது: குழந்தை தவறினால் அடுத்த முறை சற்று அதிகமாக உதவ வேண்டும், வென்றால் அடுத்த முறை சற்றுக் குறைவாக உதவ வேண்டும். இதனைப் பின்பற்றிய தாய்மாரின் குழந்தைகளே பின்னர் தனியாகவும் நன்கு செய்தனர். ஆனால் இந்நெறியைக் கடைப்பிடிக்க நிதானம் வேண்டும். அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்தில் சட்டைப் பொத்தானைத் தாமே மாட்டிவிடாமல், கடைசிப் பொத்தானை மட்டுமேனும் குழந்தைக்கு விட்டுவைக்கும் பொறுமை, எந்த ஆராய்ச்சி நூலைக் கற்றாலும் தானாக வந்துவிடுவதில்லை.

மேற்கூறிய ஆராய்ச்சிகள் யாவும் ஐரோப்பிய, அமெரிக்க நகரக் குடும்பங்களை அடிப்படையாகக் கொண்டவை. உலகம் அவ்வளவு சிறியதன்று என்பதைக் காட்டியவர் பார்பரா ரோகாஃப் அம்மையார். மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டில், அதித்லான் ஏரிக் கரையிலுள்ள சான் பெட்ரோ என்னும் மாயர் இனத்தவர் ஊரில் அவர் நெடுங்காலம் ஆராய்ச்சி செய்தார். அங்கே சோள மாவைத் தட்டித் தோர்த்தியா என்னும் ரொட்டி சுடும் தாயின் அருகில் ஒன்று இரண்டு வயதுக் குழந்தை அமர்ந்து பார்த்திருந்துவிட்டுத் தானும் தட்ட முயல்கிறது. தாய் மாவில் சிறிது கிள்ளி, உருண்டையாக்கி, தட்டுவதற்குத் தொடக்கமும் செய்து கொடுக்கிறாள். குழந்தை தட்டியது எவ்வடிவில் அமைந்தாலும், அதுவும் மற்ற ரொட்டிகளோடு அடுப்பில் வெந்து, வீட்டாரால் உண்ணப்படுகிறது. குழந்தை வளர வளர, மாவை எவ்வாறு பிடித்தல் வேண்டும் என்று தாய் கையால் காட்டிக் கொடுக்கிறாள். அக்குழந்தையிடம் விளையாட்டு மாவும் போலி அடுப்பும் கொடுத்து ஓரத்தில் உட்கார வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது செய்தது குடும்பத்தின் உணவில் ஒரு பங்கு; அதை மற்றவர் உண்ணுவதைக் கண்ணால் காண்பது, எந்தப் பாராட்டுரையும் தர இயலாத அங்கீகாரம்.

ரோகாஃபும் அவருடன் ஜெயந்தி மிஸ்திரி, ஆர்டின் கோன்சு, கிறிஸ்டின் மோசியர் ஆகியோரும் 1993இல் வெளியிட்ட நூல், சான் பெட்ரோ, அமெரிக்காவின் சால்ட் லேக் நகரம், துருக்கியின் கெச்சியோரன், இந்தியாவின் தோல்-கி-பட்டி என்னும் பழங்குடிச் சிற்றூர் ஆகிய நான்கு இடங்களில், இடத்துக்கு 14 குடும்பமாக, ஓராண்டு முதல் ஈராண்டு வரையுள்ள குழந்தைகளை வளர்ப்போர் நடத்தும் முறையை ஒப்பிட்டது. சால்ட் லேக் நகரத்திலும் கெச்சியோரனிலும் பெரியோர் வாய்மொழியாக விளக்கினர். பள்ளிப் பாடம் போலக் கேள்வி கேட்டனர். குழந்தை செய்தவற்றைப் புகழ்ந்தனர். தாமும் விளையாட்டுத் தோழராயினர். சான் பெட்ரோவிலும் தோல்-கி-பட்டியிலும் பெரியோர் தம் வேலையை விடாமலே, பார்வையாலும் தொடுதலாலும் உடல் அசைவாலும் குறிப்புணர்த்தி, தேவைப்பட்டபோது உதவ ஆயத்தமாக இருந்தனர்; குழந்தைகளோ ஒரே சமயத்தில் பல நிகழ்ச்சிகளையும் கூர்ந்து கவனித்து வந்தனர். ரோகாஃப் இவ்விருவகைக்கும் பொதுவான அம்சத்துக்கு வழிகாட்டலோடு கூடிய பங்கேற்பு என்று பெயரிட்டார். ஒரு முறை உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று அவர் கூறவில்லை; கூறுவதற்கும் இடமில்லை. ஆனால் பேச்சால் கற்பிப்பதே கற்பித்தல் என்று எண்ணிப் பழகிய கல்வியாளருக்கு, வாய் திறவாமல் அருகில் இடமளிப்பதும் சிறந்த துணையே என்னும் இந்த உண்மை பெரிதும் பிரயோஜனமுடையது.

பேச்சுக்கும் அதற்குரிய இடம் உண்டு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சீலியா பிரவுனெல் முதலானோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் 18, 24, 30 மாதக் குழந்தைகளோடு படப்புத்தகம் பார்த்தபோது நிகழ்ந்த சம்பாஷணை ஆராயப்பட்டது. படத்திலுள்ள குழந்தையின் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் பெற்றோர் தாமே எடுத்துச் சொல்வதைவிட, அவன் எவ்வாறு உணர்கிறான், ஏன் அவ்வாறு உணர்கிறான் என்று குழந்தையையே சொல்லத் தூண்டுவதுதான், அக்குழந்தை பிறருக்கு உதவுவதிலும் பகிர்ந்துகொள்வதிலும் முந்துவதோடு தொடர்புற்றிருந்தது. மாவுருண்டையைப் போலவே உணர்ச்சியின் பெயரையும் குழந்தையின் கையில் கொடுத்துப் பழக்க வேண்டியிருக்கிறது.

துணை புரிவோர் பெரியவராகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்துச் சினகாந்தான் மாயர்களிடையே ஆஷ்லி மேனார்டு செய்து 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மூத்த குழந்தைகள் ஈராண்டுத் தம்பி தங்கையருக்குக் கழுவுதல், சமைத்தல் போன்ற அன்றாட வேலைகளைக் கற்பிப்பதை விவரிக்கிறது. நான்கு வயதிலேயே கற்பிக்கும் பொறுப்பைத் தாமாக ஏற்கத் தொடங்கும் அச்சிறுவர், எட்டு வயதில் சொல்லையும் செய்கையையும் இணைத்துக் கற்பிப்பதில் தேர்ந்துவிடுகின்றனர். கற்பவனைக் காட்டிலும் கற்பிக்கும் சிறுவனே இதில் அதிகம் வளர்கிறான் என்று கருதுவதில் தவறில்லை. தன்னினும் அறியாதவனுடைய அறியாமையை அளந்து, அதற்கேற்பத் தன்னைத் தாழ்த்திக்கொள்வது உயர்ந்த சமூக குணம்.

வீட்டு வேலையைக் கல்விக்கூடத்திற்குள் கொண்டுவந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907 ஜனவரி 6ஆம் நாள் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் பகுதியில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், குழந்தையின் கைக்கு அடங்கும் துடைப்பமும் குடமும் வைத்து, கூட்டுதல், நீர் வார்த்தல், உணவு பரிமாறுதல் ஆகியவற்றைக் கல்வியின் பகுதியாக்கினார். 1939இல் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்த அவர், உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கோடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். தமிழ்நாட்டில் மாண்டிசோரி முறை பரவியதற்கு அவ்வாண்டுகளே அடிகோலின.

பங்கேற்புக்கும் உழைப்புச் சுரண்டலுக்கும் உள்ள எல்லையை இங்கே குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. குழந்தை விரும்பி வந்து, சலித்தபோது விலகிச் செல்ல உரிமை பெற்றிருக்கும்வரை அது பங்கேற்பு. அக்குழந்தையின் உழைப்பின்றி வேலையே நடவாது என்னும் நிலை வந்துவிட்டால், அதற்கு எத்துணை இனிய பெயர் சூட்டினும் அது சுரண்டலே. இந்தியாவில் 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயது நிரம்பாதவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று விதித்தது. எனினும் பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறைக் காலத்திலும், அபாயமற்ற குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று விலக்கும் அளித்தது. அந்த விலக்கு, வீட்டுக்குள் நடக்கும் கடும் உழைப்பை மறைக்க இடம் தரும் என்று குழந்தைகள் உரிமைக்காகப் பாடுபடுவோர் அப்போதே கண்டித்தனர். அவர்கள் கண்டனம் நியாயமானது.