மந்தையும் உயிரும்: குடுமியான்மலை வட்டாரத்தில் விலங்கறத்தின் வரலாறு

புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூர் வட்டத்தில் உள்ள குடுமியான்மலை, பழங்கல்வெட்டுகளில் திருநலக்குன்றம் எனக் குறிக்கப்படும் சிவத்தலம். குன்றைக் குடைந்து எடுத்த மேலைக்கோயிலும் அதன் அருகே பல்லவ கிரந்த எழுத்தில் பொறித்த இசைக் கல்வெட்டும் இவ்வூருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்துள்ளன. எனினும் இவ்வூரையும் இதைச் சுற்றியுள்ள குன்றுகளையும் வேறொரு நோக்கிலும் ஆராய இடமுண்டு. மனிதர் தம்மோடு வாழும் பிற உயிர்களுக்கு எந்த வகையில் கடமைப்பட்டவர் என்னும் கேள்விக்குத் தமிழகம் அளித்துவந்த மூன்று விடைகளை, சமணர் குகைகள், கோயில் கொடைகள், ஊர்த்தெய்வ வழிபாடு ஆகிய மூன்றும் இந்த வட்டாரத்தில் அருகருகே வைத்துக் காட்டுகின்றன.

காலத்தால் முந்தியது சமணரின் விடை. அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் எனப்படும் குகையில் துறவியர் படுத்துறங்கிய வழுவழுப்பான கற்படுக்கைகளும், அவற்றுள் ஒன்றன் அருகே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு உயிர்களை ஓரறிவு முதல் ஐயறிவு வரை வகுத்த சமணம், அவற்றுள் மிகச் சிறியதற்கும் தனித்தனியே ஆன்மா உண்டு என்று கொண்டதால், ஓர் எறும்பைக் கொல்வதும் ஓர் உயிரின் நெடும்பயணத்தை வன்முறையால் குலைப்பதாகவே அதன் அறத்தில் எண்ணப்பட்டது. அதே ஊரிலுள்ள அறிவர்கோயில் என்னும் குடைவரையை, கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் புதுப்பித்தார். அதன் விதானத்தில் தீட்டப்பட்ட தாமரைக் குளத்தில் பூப்பறிக்கும் மனிதரோடு யானைகளும் எருமைகளும் அன்னங்களும் மீன்களும் இடம்பெற்றுள்ளன. இக்காட்சி சமவசரணத்தின் ஒரு பகுதி என்று அறிஞர் விளக்குவர். சமவசரணம் என்பது, தீர்த்தங்கரரின் அறவுரையைக் கேட்கத் தேவரும் மனிதரும் விலங்குகளும் ஒருங்கே கூடும் பேரவை. அந்த அவையில் விலங்குக்கும் இருக்கை உண்டு என்னும் கொள்கையை உணர்ந்து நோக்கும்போது, குளத்து உயிர்கள் வெறும் அழகுக்காகத் தீட்டப்பட்டவை அல்ல என்பது தெளிவாகும்.

இக்கொள்கையைத் தமிழ்ச் சமணர் காவியங்களிலும் வாதிட்டனர். காளி கோயிலுக்கு உயிர்ப்பலி கொண்டுவந்தோரிடம், உயிருள்ள விலங்குக்குப் பதிலாக மண்ணால் செய்த உருவத்தைப் படைக்கும்படி முனிச்சந்திரர் என்னும் துறவி அறிவுறுத்துவதை ஒட்டியே நீலகேசியின் கதை தொடங்குகிறது. யசோதர காவியம் இன்னும் ஒரு படி மேலே சென்று, மாவினால் செய்த கோழியைக் கொல்லும் எண்ணத்தோடு வெட்டியதற்காகவே மன்னனும் அவன் தாயும் பல விலங்குப் பிறவிகள் எடுத்து வருந்தினர் என்று கூறுவதால், செயலோடு கருத்தும் சேர்ந்தே கொலையாகும் என்னும் நுட்பமான நெறி அதில் வெளிப்படுகிறது.

கோயிலின் விடை வேறு வகையானது. சோழர் காலக் கொடைகளுள் நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கு, முதன்மையான இடம் பெற்றது. பொன், நிலம் ஆகியவற்றோடு ஆடு மாடுகளும் அதற்கு முதலாக வழங்கப்பட்டன. இந்த ஏற்பாட்டின் கணக்கை, 1010இல் எழுந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் விரிவாகத் தருகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று வகுத்து, அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய், அதாவது நாழியில் கால் பங்கு, அளந்து வர வேண்டும் என்று விதித்தனர். பிற ஊர்களில் 90 ஆடுகள் என்னும் கணக்கும் பரவலாக வழங்கியது. இவ்வாறு கொடுத்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. இறந்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கை என்றும் குறையாமல் காக்கும் பொறுப்பு இடையரைச் சார்ந்தது என்பதே அதன் பொருள்.

இந்த முறை மேய்ச்சலையும் மந்தையையும் தலைமுறைகளுக்குக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் சாகாமல் இருந்தது மந்தையே. நோயுற்றும் மூத்தும் மடிந்த ஆடு எதுவும் கணக்கில் தனித்து நிற்கவில்லை. சமண அறத்தில் ஒவ்வோர் உயிரும் தனித்தனியே மதிப்புப் பெற, கோயில் கணக்கில் எண்ணிக்கையே மதிப்புப் பெற்றது.

மூன்றாவது விடை ஊரின் காவல் தெய்வ வழிபாட்டில் உள்ளது. புதுக்கோட்டை வட்டாரத்தில் ஐயனாருக்குச் சுடுமண் குதிரைகளும் காளைகளும் நேர்ந்து வைப்பதும் சைவப் படையல் இடுவதும் மரபு; அவருடைய பரிவாரமான கருப்பருக்கோ கிடா வெட்டப்படுகிறது, அவ்வேளையில் ஐயனார் சன்னிதியைத் திரையிட்டு மறைக்கும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. வெட்டுவதற்கு முன் ஆட்டின் மீது நீர் தெளித்து, அது உடலைச் சிலிர்த்தால் மட்டுமே தெய்வத்தின் உத்தரவு கிடைத்ததாகக் கொள்வர். நீர் பட்ட ஆடு சிலிர்ப்பது உடலின் இயல்பே. எனினும் திரையும் உத்தரவும், கொல்வதற்கு ஒரு நியாயம் வேண்டும் என்று கொன்றவர்களே உணர்ந்திருந்ததைக் காட்டுகின்றன.

இந்த மூன்று விடைகளுக்கும் இடையிலான பூசலைத் தீர்க்கப் பின்னர் சட்டம் முன்வந்தது. புதுக்கோட்டைத் தனியரசு 1948இல் சென்னை மாகாணத்தோடு இணைந்தபின், 1950ஆம் ஆண்டின் சட்டம் இந்துக் கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடை செய்தது. நெடுங்காலம் ஏட்டளவில் இருந்த அச்சட்டத்தை 2003இல் அரசு கடுமையாகச் செயல்படுத்த முனைந்தபோது எதிர்ப்பு எழுந்து, 2004இல் அது நீக்கப்பட்டது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாக முன்வைத்த முயற்சியின் தொடர்ச்சியாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் அச்சட்டமும் சமய முறைப்படி கொல்வதைக் குற்றமாகக் கொள்ளவில்லை.

வாடிவாசல்கள் மிகுந்த இம்மாவட்டத்தை நேரடியாகத் தொட்டது சல்லிக்கட்டு வழக்கு. 2014 மே 7இல் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தபோது, விலங்கின் உயிருக்கு மனிதப் பயன்பாட்டைச் சாராத மதிப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. அத்தடையை எதிர்த்த 2017 சனவரிப் போராட்டத்தின் விளைவாக, சல்லிக்கட்டை அனுமதித்து வந்த மாநிலத் திருத்தச் சட்டத்தை 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்றுக்கொண்டது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்னும் வாதத்தை அது ஏற்கவில்லை. நாட்டு மாட்டினங்களைக் காப்பதற்குச் சல்லிக்கட்டு துணைபுரியும் என்று ஆதரவாளர்கள் வாதிட்டனர். வாடிவாசலில் நிற்கும் ஒவ்வொரு காளையின் அச்சத்தையும் வலியையும் எதிர்த்தரப்பினர் எடுத்துக்காட்டினர். இனத்தைக் காத்தலும் தனி உயிரைக் காத்தலும் இந்த வழக்கிலும் எதிரெதிரே நின்றன.

விலங்குரிமை மேற்கிலிருந்து அண்மையில் வந்த சிந்தனை என்று பலர் கருதுகின்றனர். தனியொரு விலங்கின் துன்பம் அறத்தின் கணக்கில் சேர வேண்டும் என்னும் கருத்து, சோழர் மந்தைக் கணக்குகள் கல்லில் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்குன்றுகளில் வாழ்ந்தோரால் கடைப்பிடிக்கப்பட்டது என்பது இவ்வட்டாரத்தின் வரலாறு அளிக்கும் சான்று. ஆகவே மரபைக் காப்பதும் விலங்கைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையாகும் என்று கொள்ள வேண்டியதில்லை. மந்தையைப் பேணிய கோயில் கணக்கு எந்த அளவுக்குத் தமிழ் மரபோ, அதே அளவுக்கு ஒவ்வோர் உயிரையும் பேணச் சொன்ன குகையின் அறமும் தமிழ் மரபே. காளைக்கும் கிடாவுக்கும் இன்று விதி வகுப்போர் இரண்டாவதையும் தம் முன்னோரின் சொத்தாக ஏற்று, இனத்தின் எண்ணிக்கையோடு ஒவ்வொரு விலங்கின் வலியையும் அளந்து முடிவு செய்வதே இந்த வரலாற்றுக்கு நேர்மையாகும்.