சுரைக்குடுக்கையில் பிறந்த பாஞ்சோ

பாஞ்சோ என்று கேட்டால் நம் பக்கத்து இசைக்கருவிக் கடைகளில் புல்புல்தாராவை எடுத்து நீட்டக்கூடும். தட்டச்சுப் பொறி மாதிரி வரிசையாகப் பொத்தான்கள் இருக்குமே, அதுதான். 'இந்தியன் பாஞ்சோ' என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. ஆனால் நிஜ பாஞ்சோவுக்கு அது தூரத்துச் சொந்தம்கூட இல்லை. 1912-ல் ஜப்பானின் நகோயா நகரில் மொரிட்டா கோரோ என்பவர் உருவாக்கிய தைஷோகோட்டோவின் வாரிசு அது!

சரி, நிஜ பாஞ்சோ எந்த ஊர்? அமெரிக்கா என்று பட்டென்று பதில் வரும். கௌபாய் படம் பார்த்த பழக்கம்...

அங்கேதான் சிக்கல். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கரீபியன் தீவுகளில் செய்துகொண்ட வாத்தியம் அது. சுரைக்குடுக்கையை வெட்டி, மேலே ஆட்டுத்தோல் போர்த்தி, ஒரு குச்சியைச் செருகி, நரம்பு கட்டினார்கள். 1687-ல் ஜமைக்கா போன மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், 1707-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இப்படிப்பட்ட கருவியின் படத்தைப் போட்டிருக்கிறார். அமெரிக்கப் பத்திரிகைகளில் தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தரச் சொல்லும் விளம்பரங்களில் உயரம், தழும்பு இவற்றோடு 'பாஞ்சோ வாசிப்பான்' என்பதும் ஓர் அடையாளமாக வரும். ஒருவரின் வித்தையே அவரைக் காட்டிக்கொடுக்கும் கொடுமை.

இதில் புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி உண்டு. பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையை ஒழித்த 1848 ஏப்ரல் 27 ஆணைக்குக் காரணமானவர் விக்தோர் ஷெல்ஷேர். அவர் 1841-ல் ஹைத்தி போனபோது 'பான்சா' என்ற சுரைக்குடுக்கை வாத்தியம் ஒன்றை வாங்கி வந்தார். பாஞ்சோவின் மூதாதை! பாரீஸ் இசை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அடிமை முறை போனதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. எங்கே தேடினார்கள்? புதுச்சேரியிலும் காரைக்காலிலும்தான். நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிய 'ஒரேலி' கப்பல் 1853 மே 6-ல் மார்த்தினிக் தீவை அடைந்தது. இன்று ரெட்டியார்பாளையத்தில் கேட்கிற மாரியம்மன் பெயர் அங்கே 'மாலியேமின்' ஆகிவிட்டது. மொழி போய்விட்டது, ஆனால் தப்பு போகவில்லை. 'தப்பூ' என்று இன்னமும் அடிக்கிறார்கள். பறிகொடுத்தவர்களிடம் கடைசியில் மிஞ்சுவது வாத்தியம்தான் போலும்.

ஆனால் பாஞ்சோக்காரர்களிடம் அதுவும் மிஞ்சவில்லை. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் ஸ்வீனி என்ற வெள்ளைக்காரர் கறுப்பர்களிடம் வாசிப்பைக் கற்று 1830-களில் மேடை ஏறினார். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் ஆட்டங்களில் பாஞ்சோ முக்கிய அங்கமானது. 1855-ல் பிரிக்ஸ் என்பவர் பேரில் பாடப் புத்தகமே வந்தது. கட்டைவிரலால் தட்டும் அந்தக் குட்டை நரம்பை ஸ்வீனிதான் கண்டுபிடித்தார் என்றும் கதை கட்டினார்கள். தென் கரோலினாவில் 1780-களின் கடைசியில் வரைந்ததாகக் கருதப்படும் 'பழைய தோட்டம்' ஓவியத்தைப் பார்த்தால் அந்தக் குட்டை நரம்பு அப்போதே இருக்கிறது. ஸ்வீனி பிறந்தது 1810-ல்!

வாசிப்பின் உயிர் அந்த நரம்பில்தான். நம் தம்புரா சுருதி மாதிரி ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். விரல் நகத்தால் மேலிருந்து கீழே அடித்து, உடனே கட்டைவிரலால் குட்டை நரம்பைத் தட்ட வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவதே இங்கேதான். 1970-களில் மாணவராக அமெரிக்கா போன காம்பியாக்காரர் டேனியல் ஜாட்டா, பாஞ்சோவைக் கேட்டதும் தன் அப்பா வாசித்த 'அகொன்டிங்' நினைவுக்கு வந்து அசந்துபோனார். சுரைக்குடுக்கை, கட்டைவிரல் நரம்பு, நகத்தால் அடிப்பது... எல்லாம் அப்படியே!

கேலிக்கூத்தின் சின்னமாகிவிட்டதால் கறுப்பர்கள் பலர் இதை வெறுத்து ஒதுக்கினார்கள். 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை வாசிக்கும் கறுப்பர்களை விரல் விட்டு எண்ணலாம். வட கரோலினாவில் ஃபிடில் வாசித்த ஜோ தாம்சனுக்குத் துணையாக பாஞ்சோ வாசித்த பெரியப்பா–சித்தப்பா வழிச் சகோதரர் ஓடெல் 1994-ல் இறந்தார். 2005-ல் அந்த மாநிலத்தின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்கள் கூடினார்கள். அங்கே சந்தித்துக்கொண்ட ரியானன் கிடன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும் தாம்சன் வீட்டுக்கே போய்ப் பாடம் கேட்டார்கள். அவருக்கு வயது 86. நோட்டு, புத்தகம் எதுவும் கிடையாது. அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிப்பார்கள். தவறினால் மறுபடி முதலிலிருந்து.

மூவரும் சேர்ந்து நடத்திய 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' குழுவின் ஆல்பத்துக்கு 2011-ல் கிராமி விருது கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு தாம்சன் காலமானார்.