மினெட் டி சில்வாவும் லயன் காம்பிராவும்

கட்டடக்கலை வரலாறு எழுதப் புகுவோர் கோயில்களையும் தாதுகோபங்களையும் அரண்மனைகளையும் எண்ணிக்கொண்டு போவர். அவற்றைக் கட்டிய கைகள் இரவில் எங்கே உறங்கின என்று அவர்கள் கேட்பதில்லை. சப்பிரகமுவவின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களிடையே ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு அக்கேள்வியைத் தவிர்க்க முடிவதில்லை. என் வகுப்பிலுள்ள பிள்ளைகளிற் பலர் லயன் காம்பிராவிலிருந்து புறப்பட்டு வருகிறவர்கள். இலங்கையின் முன்னோடிப் பெண் கட்டடக் கலைஞராகிய மினெட் டி சில்வாவின் வாழ்க்கையை அவர்களை மனத்திற் கொண்டே நான் படித்தேன்.

மினெட் 1918இல் கண்டியிற் பிறந்தார். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா சிங்கள அரசியல்வாதி. தாய் அக்னஸ் பறங்கியர் குலத்தவர், பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர். 1927ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் அவர் சாட்சியமளித்தபோது, தோட்டத்தில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று வினவினர். அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அவர் தயங்காது விடையிறுத்தார். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருக்கோ அது நிபந்தனைகளுடனேயே கிடைத்தது.

மகள் பம்பாயிற் கட்டடக்கலை பயின்றார். காந்தியின் விடுதலை கோரிய போராட்டத்திற் கலந்துகொண்டமைக்காகக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் இலண்டனிற் கற்றுத் தேறி, 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் அரச நிறுவகத்தின் உறுப்பினரானார். ஆசியப் பெண்களுள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. 1949இல் தாயகம் திரும்பினார். வரலாற்றின் கொடுமையைப் பாருங்கள்: அவர் பட்டம் பெற்ற 1948இலேதான் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியது; அவர் திரும்பி வந்த 1949இலேதான் அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. தாய் கேட்டுப் பெற்றதை நாடு திருப்பி எடுத்துக்கொண்டது.

கண்டியில் அவர் கட்டிய முதல் வீடு மலைச்சரிவில் எழுந்தது. சரிவை வெட்டிச் சமனாக்காமல், சரிவோடு இணங்கித் தளங்களைப் படிப்படியாக அமைத்தார். கொங்கிறீற்றோடு உள்ளூர்க் குயவரின் சுட்ட மண் ஓடுகளும் தும்பறைப் பாய் நெசவும் அங்கே இடம் பெற்றன. மேனாட்டுப் புதுமையை அப்படியே பெயர்த்து நடாமல், இம்மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் கைத்தொழிலுக்கும் ஏற்ப வளைப்பதே அவர் கொள்கை.

ஆயினும், அவரது பணிகளுள் என் நெஞ்சைத் தொட்டது வட்டபுளுவ வீடமைப்புத் திட்டமே. 1950களின் நடுப்பகுதியில், கண்டிக்கு அருகே, அரசாங்க ஊழியர்களுக்காக அது திட்டமிடப்பட்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பல இனத்தவர் அங்கே குடியேற இருந்தனர். மினெட் அவர்களிடம் வினாத்தாள் கொடுத்தார். கூட்டங் கூட்டிப் பேசினார். எத்தனை பேர், எப்படிச் சமைப்பீர்கள், எவ்வளவு செலவிட முடியும் என்றெல்லாம் கேட்டறிந்த பின்பே பலவகை வீடுகளை வரைந்தார். குடியிருப்போனை மனிதனாக மதித்த செயல் இது.

1975 முதல் 1979 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். ஆசியக் கட்டடக்கலை வரலாற்றை ஆசியரின் கண்கொண்டு பார்க்க மாணவரைப் பழக்கினார். 1996இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் தங்கப் பதக்கம் வழங்கியது, காலந்தாழ்ந்த கௌரவம். 1998இல் அவர் மறைந்தார்.

இனி லயத்தைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். அடுப்பும் படுக்கையும் பிள்ளையின் பாடமும் பிரசவமும் அதற்குள்ளேதான். இதை வரைந்தவன் ஒரேயொரு கணக்கைத்தான் போட்டான்: குறைந்த நிலத்தில், குறைந்த செலவில், எத்தனை கூலிகளைப் பெரட்டுக்கு அருகே அடக்கலாம்? எப்படிச் சமைப்பீர்கள் என்று அவன் எவரையும் கேட்கவில்லை. மலைச்சரிவையும் அவன் மதிக்கவில்லை. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டியவில், களுபஹனத் தோட்டத்து லயன் மண்சரிவிற் புதைந்தபோது, அந்த அலட்சியத்திற்குத் தொழிலாளர் தம் உயிரால் விலை கொடுத்தனர்.

2003இல் பிரசாவுரிமைச் சிக்கல் சட்டப்படி தீர்ந்தது. அண்மைக்காலத்தில் மலையகத்தில் 7 பேர்ச் காணியில், 550 சதுர அடியில் தனி வீடுகள் எழத் தொடங்கின. வரவேற்போம், லயம் ஒழிய வேண்டியதே. ஆனால், ஒன்றைக் கேட்போம்: அந்த வீட்டில் வாழப் போகும் கொழுந்து பறிப்பவளிடமும் பால் வெட்டுபவனிடமும் வினாத்தாளோடு சென்றவர் யார்? விறகை எங்கே அடுக்குவாய், மகள் எங்கே படிப்பாள், உன் மலை எந்தப் பக்கம் சரிகிறது என்று கேட்டவர் யார்?

அவர்களும் பெண்களே என்றார் தாய். குடியிருப்போரைக் கேட்டுக் கட்டு என்று செய்து காட்டினார் மகள். இவ்விரு பாடங்களையும் ஒருசேரக் கற்கும் கட்டடக் கலைஞர்கள் நம் பல்கலைக்கழகங்களிலிருந்து வர வேண்டும். அவர்களுள் ஒருவராவது இன்று லயன் இஸ்தோப்பில் அமர்ந்து குப்பி விளக்கிலோ மின்விளக்கிலோ படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையாக இருக்கட்டும். வீடென்றால் என்னவென்று அந்தப் பிள்ளையிடம் எவரும் விளக்க வேண்டியதில்லை.