சோழவரத்துக்கு ஒரு ரன்வே, எங்களுக்கு ஒரு ஈசிஆர்

2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித்குமார் டீம் 992 பிரிவுல மூணாவதா வந்ததுலேர்ந்து, எங்க ராமநாதபுரம் பக்கம் டீக்கடை பெஞ்சுல அரசியல் கொஞ்சம் குறைஞ்சு போச்சு. இப்ப எல்லாம் கார்தான். போலோ டர்போவுக்கு ரீமேப் பண்ணா எவ்வளவு ஏறும், பழைய ஹோண்டா சிட்டி விடெக் முன்னாடி புது வண்டி எல்லாம் நிக்குமா, இப்படி. நடுவுல கீழக்கரை காக்கா ஒருத்தர் (எங்க பக்கம் காக்கான்னா அண்ணன், பறவை இல்ல) துபாய் மணல் மேட்டுல நிசான் பேட்ரோல் ஏறுற கதையை எடுத்துட்டா, அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது.

இந்த விவாதம் எல்லாத்துலயும் ஒரு கேள்வி மட்டும் வரவே வராது. "சரிடா மாப்ள, இதை எங்க ஓட்டுவே?"

தமிழ்நாட்டுல கார் ரேஸோட மொத்த வரலாறும் இந்த ஒரு கேள்விக்குக் கிடைச்ச பதில்தான்னு எனக்குப் படுது. கார் பிறகு வந்தது. இடம்தான் முதல்ல வந்தது.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்ப உலகம் பூரா விமானம் இறங்காத ஓடுதளங்கள் மிச்சமாச்சு. இங்கிலாந்துல குண்டுவீச்சு விமானத் தளமா இருந்த சில்வர்ஸ்டோன்ல 1948-லயே கிராண்ட் ப்ரீ ஓட ஆரம்பிச்சுட்டாங்க. 1950-ல பார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்போட முதல் ரேஸும் அங்கதான். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில களுத்துறை பக்கம் கட்டுகுருந்த. அது போர்க்காலத்துல பிரிட்டிஷ் கடற்படை விமானத் தளம், பிறகு அதுவும் ரேஸ் மைதானம். மெட்ராஸுக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. ரோட்டுல இருக்கற சோழவரமும் அதே ரகம். 'டி' எழுத்து மாதிரி ரெண்டு ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட முப்பத்தஞ்சு வருஷத்துக்கு சோழவரம்னாலே ரேஸ்தான். கல்கத்தாலேர்ந்து, பம்பாய்லேர்ந்து, பெங்களூர்லேர்ந்து, கோயம்புத்தூர்லேர்ந்து வண்டிகள் வரும். ராஜா வீட்டுப் பிள்ளைகளும் வந்தாங்க, லேத் பட்டறை வச்சிருந்தவங்களும் வந்தாங்க. விஜய் மல்லையா என்சைன் பார்முலா ஒன் கார் ஓட்டினதும் இங்கதான். (ஆமா, அதே மல்லையாதான்.)

விமானத்துக்குப் போட்ட தளத்துல ஒரு சிக்கல் உண்டு. அதுல வளைவே கிடையாது. நேரா நீளமா கிடக்கும். வளைவை நாமளே அடையாளம் வச்சு உண்டாக்கிக்கணும். நேர்ப்பாதையில முழு வேகத்துல வந்து, திடீர்னு இறுக்கமான திருப்பத்துல முக்கால்வாசி வேகத்தைக் கழிக்கணும். இன்ஜினை விட பிரேக்குக்குத்தான் அங்க பரீட்சை. நம்ம பசங்க யாரும் பிரேக் பத்திச் சண்டை போட்டு நான் பார்த்ததில்ல.

சரி, என்ன கார் வச்சு ஓட்டுனாங்க? இங்கதான் கதை சுவாரஸ்யம். வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியே கிடந்த காலம். கைக்கு எட்டினது மூணே மூணு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டோட மறுபிறவியான அம்பாசடர், பிற்பாடு பத்மினின்னு பேர் வாங்கின ஃபியட் 1100, அப்புறம் மெட்ராஸ் பெருங்களத்தூர்ல தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஃபியட்டோட இன்ஜின் 1089 சி.சி. குதிரைசக்தி நாப்பது சொச்சம். இன்னிக்கு நம்ம பசங்க ரீமேப்ல "கூடுதலா" எதிர்பார்க்கற கணக்கு, அன்னிக்கு முழுக் காரோட கணக்கு!

நான் ஹெரால்ட் கட்சி. அழகுக்காகச் சொல்லல. அந்த வண்டிக்கு பாடி தனி, சேஸிஸ் தனி. போல்ட்டைக் கழட்டினா பாடியைத் தூக்கி வச்சுடலாம். அடியில சக்கரம், இன்ஜின், கியர்பாக்ஸோட ஓடத் தயாரா ஒரு எலும்புக்கூடு நிக்கும். அது மேல தகரத்துலயோ ஃபைபர்லயோ நமக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணைக் கட்டிக்கலாம். முன் பானெட் முழுசா முன்பக்கமா கவுந்து திறக்கும்கறதால மெக்கானிக் டயர் மேல உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். 'ஸ்பெஷல்' கட்டற ஆளுக்கு இதை விட என்ன வேணும்? ஆனா பின்சக்கர சஸ்பென்ஷன் ஒரு மாதிரி. திருப்பத்துல திடீர்னு ஆக்ஸிலேட்டரை விட்டா பின் சக்கரம் உள்பக்கமா மடங்கி வண்டி தன் இஷ்டத்துக்குச் சுத்தும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டினவன் ஜெயிச்சான்.

மோடிஃபிகேஷன்னா அப்ப கடையில பார்சல் வாங்கி மாட்டறது இல்ல. ஹெட்டை இறக்கி லேத்துல கொஞ்சம் சீவுவாங்க. அறை சின்னதாகி கம்ப்ரஷன் ஏறும். ரொம்பச் சீவினா, அன்னிக்குக் கிடைச்ச குறைஞ்ச ஆக்டேன் பெட்ரோல் தாங்காம இன்ஜின் தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும். அதனால எவ்வளவு சீவலாம்னு கைக்குத் தெரிஞ்சிருக்கணும். காத்துப் போற வழியைத் தேய்ச்சு வழவழப்பாக்குவாங்க. ஒத்தைக் கார்புரேட்டருக்குப் பதில் இரட்டை. ஃப்ளைவீலை இழைச்சு எடை குறைப்பாங்க. சீட்டு, கார்ப்பெட், பின்கண்ணாடி எல்லாத்தையும் பிடுங்கிப் போடறதுதான் இருக்கறதுலயே மலிவான ட்யூனிங். 80கள்ல பெங்களூர்லேர்ந்து சிபானி டால்ஃபின்னு ஒரு குட்டிக் கார் வந்தது. 848 சி.சி., ஃபைபர் பாடி, பின்சக்கர ஓட்டம். குடும்பஸ்தர்கள் யாரும் திரும்பிப் பார்க்கல. ரேஸ்காரங்க மட்டும் எடையைப் பார்த்தாங்க, வாங்கினாங்க.

இதே சமயத்துல இங்கிலாந்துல என்ன நடந்ததுன்னு ஒரு எட்டு பார்த்துடலாம். 1958-ல அங்க சலூன் கார் சாம்பியன்ஷிப் ஆரம்பிச்சாங்க, அதுதான் இன்னிக்கு பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப். கடையில விக்கற கார், வெளித்தோற்றம் மாறக்கூடாது, உள்ளே என்ன பண்ணலாம்னு புத்தகத்துல எழுதியிருக்கும். 1964-ல பார்முலா ஒன் சாம்பியன் ஜிம் கிளார்க்கே லோட்டஸ் கார்ட்டினா ஓட்டி அந்தப் பட்டத்தை வாங்கினார். கார்ட்டினா ஜெயிச்சா அடுத்த வாரம் ஷோரூம்ல கூட்டம். கம்பெனிக்கு ஆதாயம், அதனால கம்பெனியே பணம் போடும். நம்ம ஊர்ல காருக்கே வருஷக்கணக்குல வரிசையில நிக்கணும். ரேஸ் ஜெயிச்சுக் கார் விக்க வேண்டிய அவசியம் எந்தக் கம்பெனிக்கும் இல்ல. ஆக எல்லாம் கைக்காசு.

இந்த முட்டுச்சந்தை உடைச்சவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். ஜவுளி ஆலைக் குடும்பம். 1983 கடைசியில மாருதி 800 வந்ததும் எல்லாரும் அதுல குடும்பத்தோட கோயிலுக்குப் போனாங்க. இவர் 796 சி.சி. மூணு சிலிண்டர் இன்ஜினைக் கழட்டி, ஒத்தை சீட் ரேஸ் கார் ஒண்ணுல டிரைவர் முதுகுக்குப் பின்னாடி வச்சார். பார்முலா மாருதி. எல்லாருக்கும் ஒரே வண்டி, உதிரிபாகம் தெருமுனைக் கடையில கிடைக்கும். பணக்காரன் பெரிய இன்ஜின் வச்சு ஜெயிக்கற கதை அதோட முடிஞ்சது. நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்துல ரேஸ் ஓட்டினது இதுலதான். 2005-ல அவர் ஜோர்டான் காரோட பார்முலா ஒன் போனப்ப கரி உயிரோட இல்ல. 1995-ல சின்ன விமான விபத்துல போயிட்டார்.

1990-ல மெட்ராஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில சொந்தமா 3.7 கிலோமீட்டர் டிராக் திறந்தது. உண்மையான வளைவுகள். நம்மாளுங்க டூரிங் கார்னு வாதம் பண்றது எல்லாம் இங்க நடந்ததுதான். 1994-ல வந்த எஸ்டீம் ரொம்ப நாளைக்கு இந்த மைதானத்தோட செல்லப்பிள்ளை. அதோட 1298 சி.சி. இன்ஜின் ஜிப்ஸியோட அதே குடும்பம். பலேனோவோட 1.6-ம் தாயாதி. அதனால ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணுல மாட்டற வித்தை ராலிப் பசங்களுக்கு அத்துப்படி. அப்புறம் ஹோண்டா சிட்டி வந்து எஸ்டீமைக் கொஞ்சம் அழவிட்டது. 2010-ல போலோ கப். எல்லாருக்கும் ஒரே போலோ, ஸ்பேனர் வைக்கக் கூடாது. "இது டிரைவருக்கான ரேஸா, மெக்கானிக்குக்கான ரேஸா"ன்னு இன்னிக்கும் ஓடற சண்டைக்கு அதுவும் ஒரு விதை. என் ஓட்டு? சந்தேகமில்லாம மெக்கானிக்குக்குத்தான். ஒரே மாதிரி பத்து வண்டி சுத்தறதைப் பார்க்க எனக்குக் கொட்டாவி வரும்.

இப்ப எங்க கரைக்கு வர்றேன்.

ராமேஸ்வரத்துக்கு 1988 அக்டோபர் 2-ம் தேதி வரைக்கும் ரோடே கிடையாது, ரயில் பாலம்தான். அன்னிக்கு ராஜீவ் காந்தி பாம்பன் சாலைப் பாலத்தைத் திறந்து வச்ச பிறகுதான் தீவுக்குக் கார் நேரா ஓடிப் போச்சு. அதாவது சோழவரத்துல ரேஸ் கிட்டத்தட்ட முடியப் போற நேரத்துல எங்களுக்கு ரோடு வருது! ஆனா மோடிஃபிகேஷன் இங்கயும் இருந்தது. 1964 புயலுக்கப்புறம் தனுஷ்கோடிக்கு மணலும் தண்ணியும்தான் வழி. 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வர்ற வரை, பழைய ஜீப்பும் வேனும்தான் யாத்ரீகர்களை அடைச்சு ஏத்திக்கிட்டு அந்தச் சேத்துல ஓடும். அதுக்குக் குதிரைசக்தி முக்கியமில்ல. டயர்ல காத்தைக் குறைச்சா டயர் அகலமாப் படிஞ்சு மணல் மேல மிதக்கும். சின்ன கியர்ல, நிறுத்தாம, ஒரே சீரா போகணும். நிறுத்தினா புதைஞ்சிடும். காக்கா சொல்ற பேட்ரோல் தத்துவமும் இதுதான். எங்க வேன்காரருக்கு அது துபாய் போகாமலே தெரியும்.

இன்னொண்ணு உப்புக்காத்து. பாம்பன் பழைய ரயில் பாலத்தையே அரிப்புதான் கடைசியில உட்கார வச்சது. 2022 டிசம்பரோட ரயில் நின்னுச்சு, 2025 ஏப்ரல் 6-ல புதுப் பாலம் திறந்தாங்க. அந்தக் காத்துல ஆயிரக்கணக்குல கொடுத்து மாட்டின சாதா இரும்பு சைலன்சர் எத்தனை மழைக்காலம் தாங்கும்? பெட்டியைக் கழட்டிட்டு மாட்டற திறந்த ஏர் ஃபில்டர் கச்சான் காத்து காலத்துல எவ்வளவு மணல் குடிக்கும்? ரீமேப்புக்கும் இதே பார்வைதான். நான் சாப்ட்வேர் ஆளு, அதனால சொல்றேன். அது மந்திரம் இல்ல, ஒரு அட்டவணை. டர்போ அழுத்தத்தையும் பெட்ரோலையும் கூட்டி எழுதறோம். கம்பெனி விட்டு வச்சிருந்த பாதுகாப்பு இடைவெளியை நாம செலவழிக்கறோம். மதியம் ரெண்டு மணி வெயில்ல சாயல்குடி ரோட்டுல அந்த இடைவெளி எதுக்கு இருந்ததுன்னு புரியும்.

ஏன்னா எங்க பசங்களோட சோழவரம் அந்த ரோடுதான். தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடின்னு தூத்துக்குடி வரைக்கும் ஓடற ஈசிஆர். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவுல நேர்க்கோடு. ராத்திரியில ரன்வே மாதிரியேதான் தெரியும். ரன்வேயில ஆடு வராது, அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன், இருபத்திரண்டு வயசு, சைலன்சர் மாத்தின பைக்ல அப்படி ஒரு ராத்திரி போனவன் திரும்பி வரல. சுத்தி நின்னவங்க கிட்ட ஒரு டார்ச் கூட இல்லையாம். பொது ரோட்டுல ரேஸ் விடறது மோட்டார் வாகனச் சட்டம் 189-ம் பிரிவுல குற்றம். வண்டியோட அமைப்பை மாத்தறதுக்கு 52-ம் பிரிவு. இதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன?

டிராக்ல சாவே இல்லைன்னு சொல்ல வரல. 2023 ஜனவரி 8-ம் தேதி இருங்காட்டுக்கோட்டையில சலூன் கார் ரேஸ்லதான் கே.இ. குமார் போனார். 59 வயசு, பல வருஷ அனுபவம், பக்கத்து வண்டி உரசி வேலியில மோதித் தலைகீழா விழுந்தது. அங்க ரோல் கேஜ் இருந்தது, ஹெல்மெட் இருந்தது, உடனே சிவப்புக் கொடி காட்டினாங்க, சில நிமிஷத்துல வெளியே எடுத்தாங்க. அப்படியும் போயிட்டார். அன்னிக்கு மிச்ச ரேஸை ரத்து பண்ணிட்டாங்க. இவ்வளவு இருந்தும் நடந்த ஒண்ணை, எதுவுமே இல்லாத எங்க ரோட்டோட பக்கத்துல வச்சுப் பார்க்கத்தான் சொன்னேன்.

எங்க மாவட்டத்துலயும் ஓடுதளம் இருக்கு. உச்சிப்புளியில, ஐ.என்.எஸ். பருந்து. ஆனா அது வேலையில இருக்கற கடற்படைத் தளம், யாரும் நமக்கு விடப்போறதில்ல. சென்னையில 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல தீவுத்திடலைச் சுத்தி 3.5 கிலோமீட்டர் ரோட்டையே மூடி ராத்திரி ரேஸ் நடத்தினாங்க. அந்த மாதிரி ராமநாதபுரத்துல நடக்கும்னு கனவு காணற அளவுக்கு எனக்குத் தைரியம் பத்தாது.

மிச்சம் இருக்கறது கரியோட பேர்ல கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்துல 2003-ல திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே. மதுரை வழியா முன்னூத்துச் சொச்சம் கிலோமீட்டர். வெள்ளி ராத்திரி கிளம்பினா சனி காலையில அங்க இட்லி சாப்பிடலாம். பிரேக் பேடு புதுசா போட்டுட்டு வரணும், ஹெல்மெட் கட்டாயம், ரீமேப் இருக்கோ இல்லையோ எனக்குக் கவலையில்ல. என் வண்டியில ரெண்டு சீட் காலி. வர்றவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. காக்கா ஏற்கெனவே துண்டு போட்டுட்டார், அதனால முன்சீட் கிடையாது :-)