கைவேலையும் கறிக்குழம்பும்: சேரி வீட்டு மகிழ்ச்சிக்கு ஒரு வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு போராட்டத்தையோ ஒரு படுகொலையையோ ஒரு சட்டத்தையோ எடுத்துக்கொண்டு பேசுவது நம் வழக்கம். தேவையான வழக்கம்தான். இந்த முறை நான் வீட்டுக்குள் நடப்பதைப் பேசலாம் என்றிருக்கிறேன். கூடை பின்னுவது, பழந்துணிகளைச் சேர்த்துத் தைப்பது, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிச் சமைத்துச் சாப்பிடுவது. பொருளைச் சொன்னதும் ஒரு தோழர், "இது வார இதழில் மகளிர் பக்கத்துக்கு எழுத வேண்டியதாச்சே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீடு, ஓய்வு, கைவேலை, சமையல் ஆகிய நான்கும் எல்லோருக்கும் இயல்பாகக் கிடைத்தவை என்று நினைத்தால் அப்படித்தான் தோன்றும். நமக்கு அவை இயல்பாகக் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை எழுதாமல் விட்டால் நம்மைப் பற்றி அவமானத்தின் கதை மட்டுமே மிஞ்சும் என்பது என் கவலை.

பட்டு ஊரும் ஒயர்கூடையும்

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் நம் ஆரணிக்குப் பட்டும் அரிசியும் அடையாளம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பார்பரா ஹாரிஸ்-வொய்ட் என்ற பொருளியல் ஆய்வாளர் 1973 முதல் இந்த ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆய்வு செய்தார். அவர் பதிப்பித்து 2016இல் வெளிவந்த நூல், நாற்பதாண்டு கால ஆரணியைப் பேசுகிறது. ஒரு சிறு நகரத்தின் சந்தையைச் சாதி எப்படி நடத்துகிறது என்பதைக் காட்ட உலக அறிவுலகம் எடுத்துக்கொண்ட ஊர்களில் ஒன்று, நாம் பேருந்து ஏறும் இந்த ஊர்.

நெசவாளர் வீட்டில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஒருவர் நெய்ய, பெண்கள் தார் சுற்றுவார்கள். பாவு போட எல்லோரும் கைகொடுப்பார்கள். கோர்வைப் புடவை என்றால் கரைக்குத் தனி நாடா வேண்டும், அதைப் போடப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பல காலம் ஒரு சிறு பிள்ளையாக இருந்தார். இதற்குக் குடும்பத் தொழில் என்று பெயர். கேட்க இனிமையான இந்தச் சொல்லைச் சட்டமும் நம்பியது. 1986ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் பட்டறைகளுக்கு விலக்கு அளித்தது. 2016இல் சட்டத்தைத் திருத்தியபோதும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்ற வாசல் திறந்தே இருந்தது. முன்பணம் வாங்கிய கடனுக்காகத் தறியில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது, தலித் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால் 'வீட்டுக் கைத்தொழில்' என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடாதீர்கள். யாருடைய வீடு, யாருடைய கை என்று கேளுங்கள்.

என் சிறு வயதில் எங்கள் தெருவில் தறி இல்லை. தெருவுக்கு வந்தது தார் சுற்றும் வேலைதான். அம்மா நடவு முடிந்து வந்து, கால் சேற்றைக் கழுவி, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் பட்டு நூலைத் தொடுவார். எடை போட்டு வந்த நூல், எடை போட்டே திரும்பிப் போகும். அறுந்த நூலையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். இத்தனை வருடம் பட்டு புழங்கிய எங்கள் வீட்டில் ஒரு சாண் பட்டு நூல் தங்கியதில்லை.

ஆனால் அதே அம்மா, வேலை இல்லாத மத்தியானங்களில் ஒயர்கூடை பின்னினார். ஆரணிக் கடையில் ஒயர் கட்டு வாங்கி வந்து, சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுகளைப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பழகினார். தப்பாகப் போட்டால் பிரிப்பார், மறுபடி போடுவார். அவசரப்படுத்த யாரும் இல்லை. தார் சுற்றும்போது இறுகிக் கிடந்த அம்மாவின் முகம் கூடை பின்னும்போது தளர்ந்திருக்கும். அதே விரல்கள்தான். ஒன்று பிறருடைய பொருளில் பிறருடைய கணக்குக்குச் செய்த வேலை. இன்னொன்று தன் பொருளில் தன் நேரத்தில் செய்தது. சமூகவியல் வகுப்பில் உழைப்பு அந்நியமாதல் என்ற பாடம் நடந்தபோது எனக்கு அந்தக் கூடைதான் நினைவுக்கு வந்தது.

நெசவு நமக்கு அந்நியமா?

கைவினை என்றால் அது பிற சாதிகளுக்கு உரியது, நமக்கு உரியது கூலி வேலை மட்டுமே என்று ஓர் எண்ணம் நம்மிடமே உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குலங்கள் பற்றிய தொகுதிகளில் 'கோலியர்' என்ற தலைப்பைப் பாருங்கள். 1901ஆம் ஆண்டு சென்னை மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எடுத்துக்காட்டி, அவர்கள் நெசவுச் சாதியினர் என்றும், முன்பு பறையராக இருந்தவர்கள் என்றும், இப்போது பறையரோடு உண்பதும் இல்லை, மணவுறவு கொள்வதும் இல்லை என்றும் அவர் குறிக்கிறார்.

இந்தச் சிறு குறிப்பில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நெசவு நம் கைகளுக்கு அந்நியமல்ல என்பது ஒன்று. தறியில் உட்கார்ந்தவர்கள் தனிச் சாதியாகப் பிரிந்தார்கள் என்று சொல்ல, சேர்ந்து உண்பதில்லை என்பதையே அடையாளமாகக் கணக்கெடுத்தவர்கள் குறித்தார்கள் என்பது இரண்டாவது. கைவேலையின் மதிப்பும் பந்தியின் எல்லையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒருவர் என்ன செய்கிறார் என்பதோடு, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதையும் பார்த்துத்தான் சாதி அவருக்கு இடம் ஒதுக்கியது. அதனால்தான் கைவேலையையும் சமையலையும் நான் ஒரே சொற்பொழிவில் பேசுகிறேன்.

அடுப்புக்குக் கீழே இருந்த மண்

வீட்டுச் சமையலுக்கு முதல் தேவை வீடு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை பஞ்சமி நிலத்தின் தொடக்கம் என்று நாம் சரியாகவே நினைவுகூர்கிறோம். 1892இல் வந்த நில ஒதுக்கீட்டு அரசாணைக்கு அதுவே அடிப்படை. ஆனால் அந்த அறிக்கை விளைநிலத்தோடு நிற்கவில்லை; நம் குடிசைகள் நின்ற மனைகளையும் பேசியது. குடிசை போட்ட மண்ணும் மிராசுதாரர் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தது. எதிர்த்துப் பேசினால் இருக்கும் இடத்தை விட்டே துரத்தலாம்.

துரத்தப்படலாம் என்ற அச்சத்தில் இருப்பவர் அடுப்பு மேடையைப் பூசி மெழுகி, சுவரில் மாடம் வைத்து, முருங்கை நட்டு, அது காய்க்கும் என்று காத்திருப்பாரா? அப்படியும் நட்டார்கள் என்பதுதான் நம் முன்னோர்களின் பிடிவாதம். விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971இல். டிரமன்ஹீர் எழுதிய பிறகு 80 ஆண்டுகள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1968 டிசம்பர் 25 அன்று, கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். நெல் கூலியை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் நடுவே நடந்தது அது. அடுப்புக்கு இன்னும் கொஞ்சம் நெல் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் வீட்டோடு எரிப்பு.

இன்று நம்மில் ஒருவர் பட்டா உள்ள வீட்டில், தன் அடுப்பில், தனக்குப் பிடித்ததைச் சமைத்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறார் என்றால், அந்தத் தட்டுக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

களியும் உப்புக்கண்டமும்

என் ஆயா காலத்தில் எங்கள் பக்கத்துச் சேரிகளில் சோறு என்பது விசேஷ நாள் உணவு. அன்றாட உணவு கேழ்வரகுக் கூழும் களியும்தான். அரிசி ஆலையில் கூலி வேலைக்குப் போனால் நொய் கிடைக்கும். நொய்யை வேகவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி, உருண்டையாகப் பிடித்து வைப்பார் ஆயா. கருவாட்டுக் குழம்போ பண்ணைக்கீரைக் கடைசலோ தொட்டுக்கொள்ளக் கிடைத்தால் போதும். 1960களின் பிற்பகுதியில் பசுமைப் புரட்சியின் குட்டை நெல் ரகங்கள் வட ஆர்க்காட்டுக்கு வந்தன, பிறகு ரேஷன் அரிசி வந்தது, களி மெல்ல ஒதுங்கியது. இப்போது அதே கேழ்வரகு 'சிறுதானிய உணவு' என்று கண்ணாடிக் கடைகளில் விற்கிறது. விலைப்பட்டியலில் எங்கள் ஆயாவின் துடுப்புக்கு இடமில்லை.

கறி எடுத்த நாள்தான் வீட்டில் திருவிழா. குடலை வெந்நீரிலும் மஞ்சளிலும் கல்லுப்பிலும் ஏழெட்டு முறை கழுவ வேண்டும். அவசரப்பட்டால் வாடை போகாது. மாட்டுக்கறியை நீள நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போட்டால் உப்புக்கண்டம். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாளில் அதைத் தணலில் சுட்டு, அம்மியில் தட்டிக் குழம்பில் போடுவார்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஒரு நாள் கிடைத்ததை ஒரு மாதத்துக்கு நீட்டிக்கத் தெரிந்திருந்தது. இந்த நுட்பத்துக்கு அறிவு என்ற பெயரை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

பள்ளியில் என் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க நான் தயங்கிய நாட்கள் உண்டு. எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும் என்பதால் நீட்டவில்லை. சட்டத்தைப் பாருங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றங்களை வரிசைப்படுத்தும்போது முதலில் வைத்திருப்பது, உண்ணத்தகாத அருவருப்பான பொருளைத் தின்னவோ குடிக்கவோ வற்புறுத்தும் குற்றத்தை. சாதியின் வன்முறை வாயிலிருந்து தொடங்குகிறது என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதன் மறுபக்கத்தை 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் பார்த்தோம். சத்துணவுச் சமையலராக வந்த அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அவரை இடமாற்றம் செய்தார்கள்; எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த ஆணை ரத்தானது. 2022இல் ஆம்பூரில் அறிவிக்கப்பட்ட பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிப்போனது. ஆரணியும் ஆம்பூரும் 1989 வரை ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். ஒரே மண்ணின் உணவில் ஒன்றுக்கு மேடை, இன்னொன்றுக்குத் தடை.

மகிழ்ச்சியும் அதன் கணக்கும்

இதற்கெல்லாம் பதிலாக நம் உணவையும் கைவேலையையும் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வறுமையில் பிறந்ததை எல்லாம் பண்பாடு என்று கொண்டாடினால் வறுமையை உண்டாக்கியவர்கள் தப்பித்துவிடுவார்கள். மராத்தியில் ஷாஹு பாட்டோளே 2015இல் எழுதிய தலித் உணவு நூல் எனக்குப் பிடித்தது இதனால்தான். சமையல் குறிப்பையும், அந்தப் பொருள் ஏன் அந்த வீட்டுக்கு வந்தது என்ற காரணத்தையும் அது சேர்த்தே தருகிறது.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், தேய்ந்த வேலைத் துணிகளை வெட்டி ஒட்டிப் போர்வை தைத்தார்கள். குளிருக்குப் போர்த்தத் தைத்தவை. 2002இல் அவை ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் கலைப்படைப்புகளாகத் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல்தலையில் வந்தன. அந்தப் படங்களைப் பார்த்தபோது என் ஆயா தைத்த போர்வை நினைவுக்கு வந்தது. கிழிந்த நூல் புடவைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, புடவையிலிருந்தே உருவிய நூலால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரி வரியாகத் தைத்தது. சிவப்புத் துண்டு எங்கே வர வேண்டும் என்று அவர் இரண்டு நாள் யோசித்தார். குளிருக்கு எந்த நிறமும் போதும். அந்த யோசனை குளிருக்காக அல்ல, அவருக்காக. அந்தப் போர்வை இப்போது எங்களிடம் இல்லை. யாரும் படம் எடுத்து வைக்கவுமில்லை.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 'குடும்பச் சமையல்' என்று நாம் பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் ஒரு பெண் தனியாகச் செய்வது. வயலில் கூலிக்கும் வீட்டில் கூலியில்லாமலும் உழைத்தவர் ஒருவரே. நம் இயக்கக் கூட்டங்களிலும் விடுதலையைப் பேசியவர்கள் முன்வரிசையில், கறி வேகவைத்தவர்கள் பின்கட்டில். எல்லோருக்கும் ஓய்வு இருந்தால்தான் அது குடும்ப மகிழ்ச்சி.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது உங்கள் ஆயாவிடம் உட்காருங்கள். என்ன சமைத்தாய், என்ன பின்னினாய் என்று கேளுங்கள். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, அன்றைய கூலி எவ்வளவு, செய்ய நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். கடைசியாக, எதைச் செய்யும்போது உனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று கேளுங்கள். முதல் கேள்விகளை ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். கடைசிக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். அதற்கு வரும் பதிலையும் வரலாறு என்று எழுதி வையுங்கள்.

இன்று மதியம் நமக்காகச் சமைத்த பெண்கள் இந்த அரங்கின் பின்புறம் இருக்கிறார்கள். பந்தி முடிந்ததும் ஆண் தோழர்கள் பாத்திரங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். சமைத்தவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, மாலை அமர்வை அவர்கள் பேச்சோடு தொடங்குவோம்.