மூக்குக்கண்ணாடி வில்லைப் பூச்சுகள்

மூக்குக்கண்ணாடி வில்லையின் மேல் படியவைக்கப்படும் மெல்லிய படலங்கள். கீறலைத் தடுப்பது, ஒளித்தெறிப்பைக் குறைப்பது, நீரையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஒட்டவிடாமல் வைப்பது, ஆவி படியாமல் காப்பது ஆகியவை இவற்றின் வேலை. செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலை நகர் தொடங்கி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் வாகனத் தொழிற்பகுதியில், பவர் கண்ணாடி அணிந்து ஷிப்டுக்குப் போகும் ஒருவருக்கு எந்தப் பூச்சு தேவை என்பதை அவர் பார்க்கும் வேலையே தீர்மானிக்க வேண்டும்.

பூச்சுக்கு முன் வில்லையின் பொருளைப் பார்க்க வேண்டும். பாலிகார்பனேட் வில்லை அடி தாங்கும். 380 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிரைத் தானே தடுத்துவிடும். ஆனால் எளிதில் கீறல் விழும். இப்பகுதியில் தயாராகும் கார்களின் முகப்பு விளக்கு மூடிகளுக்கும் இதே பொருள்தான் பயன்படுகிறது. அவற்றுக்கும் கடினப் பூச்சு கட்டாயம். அது தேய்ந்த பழைய கார்களில் விளக்கு மஞ்சளித்து மங்கிப்போவதைச் சாலையில் பார்க்கலாம். மூக்குக்கண்ணாடி வில்லைக்குச் சில மைக்ரான் தடிமனில் சிலிக்கான் சார்ந்த கடினப் பூச்சு இடுகிறார்கள். கீறலை இது குறைக்குமே தவிர முற்றிலும் தடுக்காது.

ஏ.ஆர். கோட்டிங் எனப்படும் தெறிப்புக் குறைப்புப் பூச்சுக்குத்தான் சுவையான வரலாறு உண்டு. நாட்பட்டு மங்கிய கண்ணாடி, புதிய கண்ணாடியைவிட அதிக ஒளியைக் கடத்துவதை 1886இல் ராலே பிரபு கவனித்தார். தெறிப்பைக் குறைக்கும் படலத்தை வெற்றிடத்தில் படியவைக்கும் முறையை 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா உருவாக்கினார். பூச்சில்லாத பாலிகார்பனேட் வில்லையின் இரு பக்கங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 10 விழுக்காடு ஒளி தெறித்து வீணாகிறது. படலத்தின் தடிமன் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்குக்கு ஈடாக இருந்தால், படலத்தின் மேலும் கீழும் தெறிக்கும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இன்றைய பல அடுக்குப் பூச்சுகள் அந்த இழப்பை 1 விழுக்காடு அளவுக்குக் கொண்டுவருகின்றன. இரவு ஷிப்ட் முடிந்து ஜி.எஸ்.டி. சாலையில் பைக் ஓட்டுபவருக்கும், பிரகாசமான விளக்கின் கீழ் உதிரிபாகங்களைச் சோதிப்பவருக்கும் இந்தச் செலவு தகும்.

நீல ஒளியைத் தடுப்பதாக விற்கப்படும் ‘ப்ளூ கட்’ அப்படியல்ல. 17 ஆய்வுகளைத் தொகுத்த 2023ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, கணினித் திரையால் வரும் கண் களைப்பை இவ்வகை வில்லைகள் குறுகிய காலத்தில் குறைப்பதாகக் காணவில்லை. கடையில் கேட்கும் கூடுதல் பணத்தை ஏ.ஆர். பூச்சுக்கோ நல்ல கடினப் பூச்சுக்கோ கொடுப்பதே மேல்.

குளிரூட்டிய அறையிலிருந்து வெளிப்புழுக்கத்துக்கு வருபவருக்கும் முகக்கவசம் அணிபவருக்கும் ஆவித்தடுப்புப் பூச்சு பயன்படும்.

எந்தப் பூச்சும் கண்ணாடியைப் பாதுகாப்புக் கருவியாக மாற்றாது. வெல்டிங் ஒளியின் புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களுக்கு அதற்கென உள்ள வடிகட்டிக் கண்ணாடிதான் வேண்டும். கிரைண்டிங்கில் தெறிக்கும் துகள்களுக்குப் பக்கக் காப்புள்ள சேஃப்டி கிளாஸ் வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவு கண்பாதுகாப்பைத் தனியே வலியுறுத்தியது இதனால்தான். மேலும், கடினமான பூச்சு நொறுங்கும் இயல்புடையது. அதில் தோன்றும் விரிசல் உள்ளே பரவி வில்லையின் தாங்குதிறனைக் குறைக்கவும் கூடும். ஆகவே பவர் உள்ளவர்கள் தங்கள் அளவிலேயே செய்த சேஃப்டி கிளாஸைக் கேட்டுப் பெற வேண்டும், அல்லது பவர் கண்ணாடிக்கு மேல் அணியும் வகையைப் பயன்படுத்த வேண்டும்.

உலோகத்தூள் படிந்த வில்லையைச் சட்டை நுனியால் துடைத்தால் எந்தக் கடினப் பூச்சும் தாங்காது. முதலில் தண்ணீரில் அலச வேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கண்ணாடியை வைப்பது அதைவிடக் கேடு. சூட்டில் பிளாஸ்டிக் வில்லை விரியும் அளவுக்கு மேலுள்ள பூச்சு விரியாததால் அதில் வலைபோல் நுண்விரிசல் ஓடும். அதன்பின் பழுதுபார்க்க வழியில்லை, வில்லையையே மாற்றியாக வேண்டும்.